முதலில் தூளைப் பாருங்கள்

பட்டறைக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அக்ரிலிக், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட், பற்றியவை. ஆச்சரியமில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் என்று எங்கே பார்த்தாலும் மரக்கதவு வேலைக்கு வாங்கிய சி.என்.சி. ரவுட்டரில்தான் (கணினி சொல்லும் வழியில் பிட்டைச் சுழற்றி வெட்டும் மெஷின்) இப்போது கல்யாண மண்டப போர்டும் கடைப் பெயரும் வெட்டுகிறோம். மரத்துக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமல் அக்ரிலிக்கை மேலே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் கடிதமே சாட்சி. அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: அண்ணே, நெட்டி (நீர்ச்செடித் தக்கை) வேலைப்பாடுகளுக்கு அக்ரிலிக் பெட்டி செய்து கொடுக்கிறேன். 5 மி.மீ. ஷீட். மரத்துக்கு வாங்கிய 6 மி.மீ. டூ ஃப்ளூட் (இரண்டு வெட்டுமுனை) பிட்டைப் போட்டு, 18,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுற்று), நிமிடத்துக்கு 600 மி.மீ. ஃபீடில் (பிட் நகரும் வேகம்) வெட்டுகிறேன். ஓரம் வெள்ளை வெள்ளையாக, கரகரவென்று இருக்கிறது. சில இடத்தில் உருகி, பிட் போன பாதையே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஃபீடை இன்னும் குறைத்துப் பார்த்தேன், மோசமாகிறது. வெட்டிய துண்டுகளையும், விழுந்த தூளையும் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, துண்டுகளோடு தூளையும் பொட்டலம் கட்டி அனுப்பினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. எனக்கு யார் அக்ரிலிக் ஓரத்தைக் காட்டினாலும் முதலில் கேட்பது "தூள் எங்கே?" என்றுதான். உங்கள் பொட்டலத்தில் பாதி மாவுப் பொடி, மீதி திரண்டு போன கட்டி. நன்றாக வெட்டும் மெஷினில் பாக்குச் சீவல் மாதிரி தனித்தனியாக, கையில் எடுத்தால் உதிர்கிற மாதிரி விழ வேண்டும். உங்கள் பிட் வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18,000 சுற்று, இரண்டு வெட்டுமுனை. ஆக நிமிடத்துக்கு 36,000 வெட்டு. 600 மி.மீ.யை 36,000ஆல் வகுத்தால் ஒரு வெட்டுக்கு 0.017 மி.மீ. இது தலைமுடியை விடவும் மெல்லியது. இவ்வளவு மெல்லிய சீவலை மர பிட்டின் முனையால் ஒழுங்காகச் சீவ முடியாது, வழுக்கித் தேய்த்துக்கொண்டே போகும். தேய்த்தால் சூடு. அக்ரிலிக் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதுமே இளகிவிடும். இரும்பு, அலுமினியமாக இருந்தால் அந்தச் சூட்டை உலோகமே இழுத்துக்கொண்டு பரப்பிவிடும். அக்ரிலிக் சூட்டைக் கடத்தாது. எங்கே பிறந்ததோ அங்கேயே நிற்கும். அது வெளியே போக ஒரே வழி, வெட்டிய சீவலோடு சேர்ந்து போவதுதான். சீவல் கனமாக இருந்தால் நிறையச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். நீங்கள் பயந்து ஃபீடைக் குறைத்தீர்கள், சீவல் இன்னும் மெலிந்தது, சூடு இன்னும் ஏறியது. அதனால்தான் மோசமானது.

ஆகவே முதல் செலவு பிட்டுக்கு. மர பிட்டை மரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்கு என்று தனியாக வரும் சிங்கிள் ஃப்ளூட் கார்பைடு பிட், தூளை மேலே தள்ளும் அப்-கட் வகை, வாங்குங்கள். கடையில் 'ஓ ஃப்ளூட்' என்று கேட்டாலும் தருவார்கள். அதன் பள்ளம் அகலமாக, பளபளவென்று மெருகு போட்டிருக்கும். தூள் ஒட்டாமல் மேலே ஏறி வெளியே வந்துவிடும். வெட்டுமுனை ஒன்றே ஒன்று என்பதால் கணக்கும் சுலபம். சுற்று 18,000, ஒரு வெட்டுக்கு 0.1 மி.மீ. என்று வைத்தால் ஃபீட் 1,800. இப்போது ஓட்டுவதைப் போல மூன்று மடங்கு. முதல் தடவை கை நடுங்கும், பரவாயில்லை, கழிவுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். மெஷின் கனமான சட்டமாக இருந்தால் 0.15 வரை போகலாம்.

மெஷின் லேசானது, 1,800இல் ஓட்டினால் அதிர்கிறது என்றால் ஃபீடை மட்டும் தனியாக இறக்காதீர்கள். ஆர்.பி.எம்.மையும் சேர்த்து இறக்குங்கள். 12,000 சுற்றுக்கு 1,200 ஃபீட். கணக்கு அதே 0.1தான். அதற்கும் கீழே சுற்றை இறக்கினால் நம் ஊரில் ஓடும் பல ஸ்பிண்டில்களுக்கு (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) இழுக்கும் பலம் குறைந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே வெட்டில் ஓரம் கண்ணாடியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஓட்டத்தில் அளவுக்கு வெளியே 0.25 மி.மீ. விட்டு வெட்டுங்கள், 5 மி.மீ. ஷீட்டை இரண்டு ஆழமாகப் பிரித்துக்கூட வெட்டலாம். கடைசி ஓட்டத்தில் அந்த 0.25ஐ மட்டும், முழு ஆழத்துக்கு, நிற்காமல் ஒரே சுற்றில் சீவி எடுங்கள். ஆழத்தை இரண்டாகப் பிரித்து ஓட்டியதால் வந்த படிக்கட்டுக் கோடு அதில் போய்விடும். பிட் உள்ளே இறங்கும் இடம் ஓரத்தின் மேலேயே இருக்கக் கூடாது. வெளியே இறங்கி, வளைவாக வந்து தொட்டு, வளைவாகவே விலகிப் போக வேண்டும். சாஃப்ட்வேரில் லீட்-இன், லீட்-அவுட் என்று இருப்பது இதற்குத்தான். நீங்கள் அனுப்பிய நான்கு மூலைத் துண்டிலும் ஒரே இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. பிட் நேராக அங்கே இறங்கி நின்ற இடம் அது.

எந்தப் பக்கமாகச் சுற்றி வெட்டுவது என்று நிறையப் பேர் சண்டை போடுவார்கள். க்ளைம்ப் என்பார் ஒருவர், அதற்கு எதிர்த்திசையான கன்வென்ஷனல் என்பார் இன்னொருவர். நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். ஷீட் நடுவே ஒரு நேர்கோடு வெட்டினால், அந்தப் பள்ளத்தின் ஒரு சுவர் க்ளைம்ப், எதிர்ச் சுவர் கன்வென்ஷனல். ஒரே பிட், ஒரே ஷீட், ஒரே வேகம். இரண்டு சுவரையும் நகத்தால் தடவிப் பாருங்கள். எது வழவழப்போ அந்தத் திசையை உங்கள் கடைசி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பியதில் பெட்டித் துண்டை விடக் கழிவுத் துண்டின் ஓரம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. அதாவது நல்ல சுவரைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! திசையை மாற்றிப் பாருங்கள்.

வெள்ளைக் கோடுகள் சீரான இடைவெளியில் அலை அலையாக இருப்பது உருகலால் வருவதில்லை. அது அதிர்வு. ஷீட்டை நாலு மூலையிலும் கிளாம்ப் போட்டுவிட்டு நடுவே காற்றாட விட்டால் அப்படித்தான் வரும். ஷீட்டை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்வம் டேபிள் இல்லாவிட்டால் அடியில் சமமாகச் சீவிய எம்.டி.எஃப். பலகை வைத்து, டபுள் சைடு டேப் போட்டு ஒட்டுங்கள், முக்கியமாகச் சின்னத் துண்டுகளுக்கு. பிட்டைப் பிடிக்கும் கோலெட்டைக் கழற்றித் துடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் யோசியுங்கள். மரத்தூள் பிசின் ஒரு பொட்டு உள்ளே இருந்தாலும் பிட் நுனி ஆடும். பிட்டை வேண்டிய அளவுக்கு மட்டும் வெளியே நீட்டிப் பிடியுங்கள். 5 மி.மீ. ஷீட்டுக்கு 40 மி.மீ. பிட் தொங்க வேண்டியதில்லை.

காற்று கட்டாயம். கம்ப்ரஸரிலிருந்து ஒரு சின்ன நாஸில், வெட்டும் இடத்தைப் பார்த்து. குளிர வைப்பதை விடத் தூளைத் தள்ளுவதற்குத்தான் அது முக்கியம். வெட்டிய தூள் பள்ளத்திலேயே கிடந்தால் பிட் அதையே திரும்பத் திரும்ப அரைக்கும், பள்ளம் மூடிக்கொள்வது அதனால்தான். ஸ்பிரிட், தின்னர் எதையும் குளிர்விக்கத் தெளிக்காதீர்கள். காரணம் மூன்றாவது கேள்வியில்.

இதெல்லாம் செய்த பிறகும் ஓரம் லேசான பனி படிந்தாற்போலத்தான் வரும். அதுதான் நல்ல ரவுட்டர் ஓரம். அங்கிருந்து 400 உப்புத்தாள் தண்ணீரோடு, பிறகு 600, 800, 1000, கடைசியில் பஃபிங் (துணி வீலில் மெருகேற்றுவது). கரடுமுரடாக வெட்டிவிட்டு 120இல் ஆரம்பிப்பவருக்கும் உங்களுக்கும் ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் வித்தியாசம் வரும். பஃபிங் வீலில் அழுத்திப் பிடித்தால் அங்கேயும் உருகும், தொட்டுத் தொட்டு எடுங்கள்.

உங்கள் வேலைக்கு ஓரம் இவ்வளவு முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்ரிலிக்கின் உள்ளே புகும் வெளிச்சத்தில் ஒரு பங்கு இரண்டு முகங்களிலும் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே ஓடி ஓரத்தில்தான் வெளியே வரும். ஓரம் வழவழப்பாக இருந்தால் கண்ணில் படாது. கீறல் இருந்தால் வெளிச்சம் அங்கே சிதறி வெள்ளைக் கோடாக எரியும். உள்ளே இருப்பதோ பெரிய கோயில் விமானம், அதுவும் வெள்ளை நெட்டியில், நுணுக்கமான வேலை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது. வாங்குகிறவர் பார்வை பெட்டி ஓரத்தில் போய் நிற்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டியை விட அக்ரிலிக் ஏறக்குறையப் பாதி எடைதான் என்பதால் பஸ் பார்சலுக்கும் வசதி. ஆனால் துடைக்கும்போது ஜாக்கிரதை. உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னூட்டம் ஏறி எல்லாத் தூசியையும் இழுக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும்.

கேள்வி: காஸ்ட் ஷீட் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டும் பார்க்க அப்படியேதான் இருக்கிறது. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு, ரவுட்டரில் ஓட்டுபவருக்கு நிறையவே உண்டு. காஸ்ட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி இறுக வைத்தது. எக்ஸ்ட்ரூடட் என்பது உருக்கி, அச்சு வழியே பிதுக்கி இழுத்தது. காஸ்ட்டில் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளம்; சூட்டைத் தாங்கும், சீவல் தனியாக உடைந்து விழும். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகி பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

கடையில் நின்றுகொண்டு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேலே ஒட்டியிருக்கும் உறை காகிதமா பிளாஸ்டிக்கா என்பதை வைத்துச் சிலர் சொல்வார்கள், அதை நம்பி முழு ஷீட் வாங்காதீர்கள். ஒரு கழிவுத் துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் டிரில்லில் ஒரு ஓட்டை போடுங்கள். உதிர்ந்தால் காஸ்ட். நீளமாக நூல் நூலாக வந்து டிரில்லைச் சுற்றினால் மற்றது. பில்லில் 'காஸ்ட்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் காஸ்ட்டில் தொல்லை. கனம் ஒரே சீராக இருக்காது. 5 மி.மீ. என்று வாங்கியது ஒரு மூலையில் 4.7 இருக்கும், இன்னொரு மூலையில் 5.2 இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் பெட்டி செய்கிறவர்கள் வெர்னியர் வைத்து அளந்துவிட்டுத்தான் பள்ளம் போட வேண்டும்.

கேள்வி: கேஸ் டார்ச்சால் ஓரத்தை லேசாகச் சுட்டால் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. அப்புறம் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுகிறேன். சில நாளில் ஓரம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு. ஷீட் மோசமா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். வரிசையை மாற்றினால் போதும்.

சுட்டதும் மேல்தோல் மட்டும் இளகி, ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருப்பது சுருங்க விடாது. அந்த இழுபறி ஓரத்தில் அப்படியே தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் குளோரோஃபார்மோ ஸ்பிரிட்டோ பட்டதும் இழுபறி வெடிப்பாகத் திறந்துகொள்கிறது. மழுங்கிய பிட்டால் சூடேற்றி வெட்டிய ஓரத்திலும், லேசர் வெட்டிய ஓரத்திலும் இதே கதைதான். முதல் வாசகருக்கு ஸ்பிரிட் தெளிக்காதே என்று சொன்னதும் இதனால்.

ஆகவே ஒட்டப்போகும் ஓரத்தைச் சுடவே கூடாது. சீவி மட்டப்படுத்தினால் போதும். ஹாக்ஸா பிளேடின் முதுகைச் சாணை பிடித்து மூலை கூர்மையாக்கி, அதை நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் அருமையான ஸ்க்ரேப்பர். ஒட்டும் ஓரம் தட்டையாக இருக்க வேண்டும், பளபளப்பு அங்கே தேவையில்லை. சுட்டால் மூலை உருண்டு ஜாயின்ட்டில் குமிழி வரும். ஒட்டி, காய்ந்து, வெளியே தெரியும் ஓரத்தையும் டார்ச்சுக்குப் பதில் பஃபிங்கில் முடிப்பதுதான் என் வழக்கம். டார்ச்சேதான் வேண்டும் என்றால் பசை ஆவி முழுக்கப் போன பிறகு, தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பெரிய வேலைக்கு ஓவன் வசதி இருந்தால் வெட்டிய துண்டுகளைச் சுமார் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே மெதுவாக ஆற விட்டு, அப்புறம் ஒட்டலாம், இழுபறி தளர்ந்துவிடும்.

குளோரோஃபார்மை மூடிய அறையில் வைத்து வேலை செய்யாதீர்கள். ஜன்னல் திறந்து, ஃபேன் வெளியே பார்த்து. தலை சுற்றுவதோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை அது, கல்லீரலைக் கெடுக்கும்.

கேள்வி: லேசரில் வெட்டினால் ஓரம் தானாகவே பளபளக்கிறதே, ரவுட்டர் எதற்கு? நான் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன்.
— வாசகி, திருவாரூர்

பதில்: நல்ல கேள்விம்மா. 3 மி.மீ. எழுத்து, சாவிக்கொத்து, மெல்லிய டிசைன் என்றால் லேசருக்கே போங்கள். அது உருக்கி ஆவியாக்குவதால் ஓரம் சுட்டது போலவே மின்னும். வேடிக்கை என்னவென்றால், ரவுட்டரில் வம்பு செய்யும் எக்ஸ்ட்ரூடட் ஷீட்தான் லேசரில் இன்னும் பளபளப்பான ஓரம் தரும். ஆனால் கனம் கூடக் கூட லேசர் ஓரம் சாய ஆரம்பிக்கும், வரி விழும். பாதி ஆழத்துக்குச் சமமாகக் குழி எடுப்பது, சரிவு ஓரம் போடுவது எல்லாம் ரவுட்டர் வேலை. இரண்டையும் ஒரே ஷீட்டில் வெட்டி, ஓரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே ப்ராஜெக்ட் பாதி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. பி.வி.சி. ஃபோம் போர்டை லேசரில் வைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கேடு, மெஷின் தண்டவாளமும் துருப்பிடித்துப் போகும்.

கேள்வி: கடை வாசலில் 8 அடி அக்ரிலிக் போர்டு மாட்டினேன். ஓரமெல்லாம் அழகாக வெட்டியதுதான். கோடை வந்ததும் ஸ்க்ரூ போட்ட இடத்திலிருந்து விரிசல்.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஒரு மீட்டர் அக்ரிலிக் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும். 8 அடி என்பது 2.44 மீட்டர். விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலில் காயும் போர்டுக்கும் 25 டிகிரி வித்தியாசம் வைத்தாலே 4 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. நீங்கள் இரண்டு பக்கமும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டீர்கள், அது எங்கே போகும்? நடு ஓட்டையை மட்டும் சரியான அளவில் வைத்து, மற்றதையெல்லாம் நீள்வட்டமாகப் போடுங்கள். ஓட்டையையும் ரவுட்டரிலேயே சுற்றி வெட்டுங்கள். உலோகத்துக்குத் தீட்டிய சாதா டிரில் அக்ரிலிக்கைக் கடித்து இழுத்து மயிரிழை விரிசல் விட்டுவிடும், வெயில் அதைத்தான் பெரிதாக்கும். ரப்பர் வாஷர், இறுக்கம் கம்மி. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி மெஷினின் டிரைவ் டிரிப் ஆகி நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் ஓரத்தில் தழும்பு. ஷீட் வீணா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: 0.25 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டும் பழக்கம் இருந்தால் வீணில்லை. தழும்பு அந்த மிச்சத்தில்தான் இருக்கும், கடைசி ஓட்டத்தில் போய்விடும். அந்தக் கடைசி ஓட்டத்தை மட்டும் வோல்டேஜ் நிற்கும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஸ்டெபிலைசர் போடுவது உங்கள் கை இருப்பைப் பொறுத்தது. எதற்காகவும் வெட்டிக்கொண்டிருக்கும்போது நடுவே பாஸ் (இடைநிறுத்தம்) கொடுக்காதீர்கள். மெஷின் நிற்கும், ஸ்பிண்டில் நிற்காது. அதே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பள்ளம் பறித்துவிடும்.

கேள்வி: ஓரம் பாலிஷுக்குத் தனியாகக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முறைக்கிறார்.
— வாசகர், கும்பகோணம்

பதில்: நம்ம ஊர்தானா! முறைக்கத்தான் செய்வார்கள். கல்லாப் பக்கத்தில் இரண்டு துண்டு வையுங்கள், ஒன்று ரவுட்டரிலிருந்து எடுத்தபடி, ஒன்று 1000 வரை தேய்த்து பஃபிங் செய்தது. இரண்டின் பின்னாலும் விலையை எழுதி ஒட்டுங்கள், ஓடும் அடிக்கு இவ்வளவு என்று. எது வேண்டும் என்பதை அவரே எடுத்துத் தரட்டும். உயரத்தில் மாட்டுகிற மண்டப போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பத்தடி கீழே நிற்பவருக்கு ஓரம் தெரியப் போவதில்லை. 2028இல் மகாமகம் வருகிறது, போர்டு ஆர்டர் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விலைப்பட்டியலை அதற்குள் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.